மூப்பர் கொண்டுபோன சாவி

சேலம்
1898 செப்டம்பர் 12

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான பவுலின் அக்காவுக்கு, தம்பி தியோடர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

தேவ கிருபையால் நானும் லீதியாளும் பிள்ளைகளும் மாமனார் வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலடியில் டாக்டர் எங்கள் நாக்கையும் அக்குளையும் பார்த்தார், மரியாதையாகவே நடத்தினார். பெங்களூரில் பிளேக் தணிந்ததும் திரும்பிவிடுவோம். பாதிரியார் சீமைக்குப் போயிருக்கிற வருஷமாகப் பார்த்தா இந்த நோய் வர வேண்டும்! நம் சபை மேய்ப்பனில்லாமல் இருப்பது தலைமை மூப்பனாகிய எனக்குப் பெரிய பாரம்.

ஆகையால் ஒவ்வொரு கடிதத்தோடும் சபைக்கு ஒரு நிருபம் எழுதி அனுப்ப உத்தேசித்திருக்கிறேன். ஞாயிறு காலையில் சபையாரைக் கோயில் முற்றத்தில் கூட்டி நீங்கள் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய குரல்; கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும். கோயிலையும் அதை ஒட்டிய பள்ளிக்கூட மண்டபத்தையும் பூட்டி, சாவிகளைப் பத்திரமாக என்னோடு கொண்டுவந்திருக்கிறேன். திறந்து கிடந்தால் ஹார்மோனியம் முதல் பெஞ்சு வரை ஒன்றும் மிஞ்சாது.

வீட்டை நம் ஆயா ஜோசஃபின் பார்த்துக்கொள்வாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியிருக்கிறேன். ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறாளா என்று ஒரு நடை எட்டிப் பாருங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முதல் நிருபம் இத்துடன்.

தங்கள் அன்புத் தம்பி,
தியோடர்


பெங்களூர் தண்டு, சூளை
செப்டம்பர் 19

அன்புள்ள தம்பி தியோடருக்கு, அக்காவின் ஆசீர்வாதம்.

நீங்கள் எல்லாரும் நல்லபடியாகச் சேர்ந்ததற்குத் தேவனுக்கு நன்றி சொன்னேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதை நினைக்க இப்போது நேரமில்லை.

உன் நிருபத்தை ஞாயிறன்று வாசித்தேன். பயப்படாதிருங்கள் என்று நீ எழுதியிருந்த இடத்தில் தையற்கடை ஹெர்பர்ட், "சேலத்துல உக்காந்துகிட்டு பயப்படாதேன்னு சொல்றதுக்கு என்ன, யாரும் சொல்லலாம்" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம்தான் சொன்னார்; ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். நான் காதில் விழாதது போல மேலே வாசித்துக்கொண்டு போனேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வரிசையில், ஜோசஃபின் அறைக்கு அடுத்த அறை வண்டிக்காரர் கட்டியோடு படுத்து இரண்டே நாளில் இறந்துபோனார். பிளேக் ஆபீஸ்காரர்கள் வந்து வரிசை முழுவதும் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள். அங்கே இருந்த பெண்களையும் குழந்தைகளையும் தொம்மலூர்ப் பக்கத்து மைதானத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார்கள். ஜோசஃபினும் அங்கேதான் இருக்கிறாள். நோய் கண்ட இடத்தவரை நெருக்கமான வீடுகளில் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு. என் ஒற்றை அறையில் அவளை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், விடவில்லை.

பிளேக் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிற சேஷகிரியை உனக்குத் தெரியும், அல்சூர் குளத்தண்டை வீடு. அவர் எனக்கு ஒரு வழி சொன்னார். பெரிய ஜன்னல்கள் உள்ள மண்டபமோ, தனியாக நிற்கிற வீடோ இருந்தால் ஆபீசில் அனுமதி வாங்கித் தருவாராம். நம் பள்ளிக்கூட மண்டபத்தில் பத்து ஜன்னல். உன் வீடு நாலு பக்கமும் தோட்டத்தோடு தனியாக நிற்கிறது. ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் மண்டபச் சாவியை அனுப்பு. வீட்டுச் சாவியையும் அனுப்பு. மழை ஆரம்பித்துவிட்டது. கொட்டகைக்குப் பக்கச் சுவர் கிடையாது.

லீதியாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தம்.

அக்கா,
பவுலின்


சேலம்
செப்டம்பர் 30

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்குத் தம்பியின் ஸ்தோத்திரம். இங்கே யாவரும் சுகம்.

தாங்கள் எழுதியது கண்டு மனம் கலங்கி, சபைக்காக உபவாசமிருந்து ஜெபித்தேன். ஹெர்பர்ட்டின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். மூப்பரை மதியாத நாக்கு அது; அவர் தகப்பனாருக்கும் அப்படித்தான்.

மண்டபத்தைப் பற்றி: அது சபையின் சொத்து. கமிட்டி கூடித் தீர்மானம் செய்யாமல் நான் ஒருவனாகத் திறந்துவிட முடியாது. கமிட்டியாரோ கோலாரிலும் ஓசூரிலுமாகப் பிரிந்திருக்கிறார்கள். எழுதிக் கேட்கிறேன்.

என் வீட்டைப் பற்றி: நாங்கள் வரும்வரை யாரும் உள்ளே நுழையக்கூடாது என்று ஜோசஃபினிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சிறு குழந்தைகள் திரும்பி வந்து படுக்க வேண்டிய வீடு. தாங்களும் அதை யோசிப்பீர்கள்.

இரண்டாம் நிருபம் பொறுமையைப் பற்றியது. நன்றாக வந்திருப்பதாக எனக்கே தோன்றுகிறது, அவசரமில்லாமல் வாசியுங்கள். மழையில் ரோஜாவுக்கு வேர் அழுகல் வரும். அடிமண்ணைக் கிளறிவிடச் சொல்லுங்கள்.

தங்கள்,
தியோடர்


பெங்களூர் தண்டு
அக்டோபர் 6

தம்பி தியோடருக்கு,

எனக்குச் சுகம்தான். உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்குக் கேட்டால் பதில் தெரியாது. உடனே கையைக் கட்டிக்கொண்டு மனப்பாடப் பாட்டை ஒப்புவிப்பாள். அழகாக ஒப்புவிப்பாள். கேட்கிறவருக்குக் கணக்கே மறந்துபோகும். நான் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "நல்லது, இப்ப கணக்கச் சொல்லு" என்பேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. பொறுமையைப் பற்றி நீ எழுதியது நல்லது. இப்போது சாவியைப் பற்றிச் சொல்.

நேற்று கொட்டகைக்குப் போனேன். தரை சேறு. பெண்கள் செங்கல்மேல் பலகை போட்டு அதன்மேல் குழந்தைகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். உன் மூன்று பிள்ளைகளையும் மடியில் போட்டு வளர்த்தவள் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "யம்மா, சின்னக் கொழந்தைக்குப் பல்லு மொளைச்சிடுச்சா? கடுதாசி வந்துச்சா?"

"அத அப்புறம் சொல்றேன். ஐயா வீட்டத் தொறந்து உன்னைக் கொண்டுபோய் வைக்கலாம்னா சாவிதான் இல்ல" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஐயா சொல்லாம எப்படிம்மா? வர்றவரைக்கும் யாரும் போகக்கூடாதுன்னாரே."

"நீ யாரோவாடி?"

"எனக்கும் சேத்துத்தாம்மா சொன்னாரு."

அவள் பகலில் சீட்டு வாங்கிக்கொண்டு சூளைக்கு நடந்து வந்து உன் ரோஜாக்களுக்கு மண் கிளறிவிட்டுப் போகிறாள். வழியில் பார்த்த சேஷகிரி என்னிடம் கேட்டார்: "டீச்சரம்மா, உங்க தம்பி சாவியை மட்டும் எடுத்துண்டு போனாரா, இல்லே கோயிலையே மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சுண்டு போயிட்டாரா? எங்க சத்திரத்தை நாங்க என்னிக்கோ தொறந்து விட்டாச்சு." அவர் தமாஷாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

கமிட்டித் தீர்மானம் வேண்டாம். சாவி வேண்டும்.

அக்கா,
பவுலின்


சேலம்
அக்டோபர் 20

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தாங்கள் இவ்வளவு கோபமாக எனக்கு எழுதி நான் பார்த்ததில்லை. பதில் எழுதச் சில நாள் தாமதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேறு மதத்தார் முன்னிலையில் நம் சபைக் காரியங்களைப் பேசுவது நமக்குச் சாட்சியாக இராது என்பதை மட்டும் தாழ்மையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கோலாரிலிருந்து ஒருவர் சம்மதித்து எழுதியிருக்கிறார். மற்றவர்கள், நோய் கண்ட இடத்தவர் உட்கார்ந்த பெஞ்சில் பிறகு எங்கள் பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள் என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தானே? ஜோசஃபின் திடமான சரீரக்காரி. இருமல் அவளுக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருவதுதான். சுக்குக் கஷாயம் கொடுங்கள்.

மூன்றாம் நிருபம், மந்தைக்காக மேய்ப்பன் படும் துயரத்தைப் பற்றியது. இதை எழுதும்போது அழுதுவிட்டேன். தயவுசெய்து வாசியுங்கள். ரோஜாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே?

இங்கே எங்களைப் பற்றி எழுத விசேஷமாக ஒன்றுமில்லை.

தியோடர்


பெங்களூர் தண்டு
அக்டோபர் 27

தம்பி தியோடருக்கு,

உன் மூன்றாம் நிருபத்தை நான் வாசிக்கவில்லை. இனி வருகிறதையும் வாசிக்கமாட்டேன். அனுப்பாதே.

ஞாயிறன்று சபையார் முற்றத்தில் மழையில் நின்றார்கள். பக்கத்தில் பத்து ஜன்னலும் சாத்திய மண்டபம். நான் உன் காகிதத்தைப் பிரித்தேன். மேய்ப்பனுடைய கண்ணீர் என்று முதல் வரி. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஹெர்பர்ட், கடப்பாரை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, மூப்பர் வந்து கேட்டா?"

"நான்தான் ஒடைச்சேன்னு சொல்லுங்க."

"சேச்சே, அந்தப் பேரை உங்களுக்கு விட்டுக் கொடுத்துடுவனா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். பூட்டு மூன்று அடிக்குத் தாங்கவில்லை. இத்தனை வாரம் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று நினைத்தால் எனக்கு உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலும் வருகிறது. பிள்ளைகளிடம் தவறு கண்டால் தட்டிக் கேட்டுப் பழகினவள், மூப்பரிடம் மட்டும் உத்தரவு கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

சேஷகிரி அன்றைக்கே வந்து பார்த்து அனுமதிச் சீட்டு கொடுத்தார். கொட்டகையிலிருந்த பெண்களும் குழந்தைகளும் இப்போது மண்டபத்தில் இருக்கிறார்கள். நம் சபையார், சபையார் அல்லாதவர் எல்லாரும் இருக்கிறார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டில் செய்திருக்கிறோம்.

ஒன்று சொல்கிறேன். கரும்பலகையில் நான் கோணலாக ஒரு எழுத்தைப் போட்டால் வகுப்பில் அத்தனை சிலேட்டிலும் அந்த எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பிள்ளைகள் நான் சொல்கிறதைக் கேட்டு எழுதமாட்டார்கள். போட்டதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். நீ ரயில் ஏறிய மறுநாள் கமிட்டியார் அத்தனை பேரும் ரயில் ஏறினார்கள். உயிருக்குப் பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. கைக்குழந்தை உள்ளவன், போக வேண்டியதுதான். கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனாயே, அதைத்தான் சொல்கிறேன்.

ஜோசஃபினை நேற்றுத்தான், கடைசி ஆளாக, மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். இருமல் மார்பில் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார முடியவில்லை.

பவுலின்


சேலம்
நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு லீதியாள் நமஸ்காரம் செய்து எழுதுவது. தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஜோசஃபினுக்கு எப்படி இருக்கிறது? இங்கே சின்னவளுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. அதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தப் பார்சலில் எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. ஜாடியைச் சுற்றிய துணிக்குள் மண்டபச் சாவி. அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். பூட்டை உடைத்துவிட்டதாகத் தாங்கள் எழுதியதை அவர் எனக்குச் சொல்லவில்லை. இன்று காலையில் மேஜையில் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்சல் அதற்கு முன்பே தைத்தாகிவிட்டது. இருந்தாலும் சாவி அங்கே இருக்கட்டும் என்று அனுப்புகிறேன்.

அக்கா, அவர் உங்களுக்கு எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் வந்த முதல் ஞாயிறு இங்கே கோயிலுக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் உள்ளே வர வேண்டாம் என்று ஒரு மூப்பர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் அப்பாவும் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து இவர் வெளியே போகிறதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிருபம் எழுதுகிறார். எழுதி முடித்ததும் எங்களை உட்காரவைத்துப் பிரசங்கம் போல் வாசித்துக் காட்டுகிறார். பெரியவன் தூங்கிவிடுகிறான். உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

இதை அவருக்காகப் பரிந்து எழுதவில்லை. அந்த வாசலில் நின்ற பிறகுமா அக்காவுக்கு ஒரு சாவியை அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை என்று நானும் கேட்டேன். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லீதியாள்


பெங்களூர் தண்டு
நவம்பர் 21

தியோடருக்கு,

ஜோசஃபின் சனிக்கிழமை காலையில் இறந்துபோனாள். பிளேக் இல்லை. மழையில் நனைந்து வந்த மார்ச்சளி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேலே கூரையும் சுற்றிச் சுவரும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று வாயாலும் சொன்னார். சின்னவளுக்குப் பல் வந்த செய்தியை முந்தின நாள் அவள் காதில் சொன்னேன். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

குளிப்பாட்டும்போது அவள் முந்தானை முடிச்சில் ஒரு சாவி இருந்தது. எந்தச் சாவி என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த வண்டிக்காரர் மனைவிதான் சொன்னாள்: "அது மூப்பரய்யா வீட்டுப் பின்கதவுச் சாவிம்மா. நெருப்பு கிருப்பு புடிச்சா மட்டும் தொறன்னு குடுத்துட்டுப் போனாராம். நாங்ககூட மழையில திட்டினோம், போய்ப் படுடின்னு. மாட்டேன்னுட்டா. நெருப்புப் புடிக்கலியேன்னா."

நான் சாவி கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். அவளிடமே இருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் நான் திறந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். ஐந்து வாரம் அவள் ஒரு வீட்டின் சாவியை முடிந்துகொண்டு சேற்றில் படுத்திருந்தாள்; பகலில் வந்து அதே வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எஜமான் சொல்லைக் கடைசிவரை காத்த உண்மையுள்ள ஊழியக்காரி என்று இவளை வைத்து ஒரு பிரசங்கம் உன் மனதில் எழும். எனக்கு உன்னைத் தெரியும். அதைப் பண்ணாதே. எந்த மேடையிலாவது பண்ணினாய் என்று கேள்விப்பட்டால், நான் அந்தச் சபை நடுவில் எழுந்து நின்று சாவி விஷயத்தைச் சொல்வேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பேசினாய் என்பதை வைத்து மண்டபத்தில் இருக்கிற இவர்கள் கிறிஸ்துவை அறிந்துகொள்ளப் போவதில்லை. உன் வீட்டில் வேலை செய்தவள் எங்கே படுத்தாள் என்று பார்த்தார்கள். சூளை முழுவதும் பார்த்தது.

லீதியாளுக்கு என் அன்பைச் சொல். அவள் எழுதியதைப் படித்தேன். உன்னை வாசலில் நிறுத்தியது தவறு. அதற்காகவும் எனக்குக் கோபம்தான்.

பவுலின்


சேலம்
1899 ஜனவரி 28

அக்கா,

இரண்டு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?

சாவி அவளிடம் இருப்பதை எழுத வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நினைத்தேன். வீட்டுக்குள் நோய் வந்துவிடும் என்ற பயம். பிறகு, எழுதாமல் விட்டதை எப்படி எழுதுவது என்ற வெட்கம். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நிருபம் இத்துடன் இல்லை.

பெங்களூரில் நோய் தணிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம். அவளை எங்கே அடக்கம் செய்தீர்கள்? யாரும் இல்லாத வேளையாகப் பார்த்துச் சொன்னால் நான் தனியாகப் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

உங்கள் கோபம் தீர்ந்ததா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

தியோடர்


பெங்களூர் தண்டு
பிப்ரவரி 1

தம்பி தியோடருக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் வலி கூடியிருக்கிறது. மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடந்த நடை.

வாருங்கள். லீதியாளும் பிள்ளைகளும் என் அறையில் படுத்துக்கொள்ளட்டும். நீ மண்டபத்தில் படு. பெஞ்சுகளை இன்னும் பிரிக்கவில்லை. பூட்டு வாங்கவில்லை, கதவு திறந்திருக்கும்.

யாரும் இல்லாத வேளை கேட்டிருக்கிறாய். அப்படி ஒரு வேளையை நான் சொல்லமாட்டேன். மழையில் புதுக் குழிகளெல்லாம் மண் இறங்கிப் பள்ளமாகிவிட்டன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மண் அணைக்கப் போகிறோம். அவள் குழி கிழக்குச் சுவரோரம், வண்டிக்காரருக்கு அடுத்தாற்போல். நீயும் வந்து மண் சும. பேச வேண்டாம். உன்னை மூப்பர் வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ஹெர்பர்ட்தான், "முதல்ல கூடையத் தூக்கட்டும், பாக்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

என் கோபம் தீரவில்லை. ஞாயிறன்று உன் பக்கத்தில்தான் நிற்பேன். கோபத்தோடுதான் நிற்பேன்.

ரோஜாவைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் பதில் எழுதவே இல்லை. எல்லாச் செடியும் பிழைத்திருக்கிறது. வாசலோரத்துச் சிவப்பு ரோஜா செடி கொள்ளாமல் பூத்திருக்கிறது. அவள் குழிக்கு ஒன்று பறிக்கலாம் என்று போனேன், கை எழவில்லை.

உன் வீட்டைத் திறக்கவில்லை. அந்தப் பின்கதவுச் சாவியை இப்போது நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் குழியண்டை, எல்லாரும் பார்த்திருக்க அவிழ்த்து உன் கையில் தருகிறேன். முன்கதவுச் சாவி உன்னிடம் இருந்தாலும், அதுவரை உன் வீட்டுக்கு வெளியே படு.

அக்கா,
பவுலின்